பீரோ மேல் இருந்த பெட்டிகள்

கொரினா பகல் முழுக்க டிராம் ஓட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து லாரி ஓட்டுவாள். டிராம், டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் கலாட்ஸ் நகரத்துடையது. லாரி, அடுப்படி மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில், ஒரு விளையாட்டுக்குள் ஓடுவது. "வேலையில ஓட்டினது பத்தலையா உனக்கு?" என்று அவள் கணவன் நெலு கேலி செய்வான். "டிராமுக்கு ஸ்டியரிங் ஏது? தண்டவாளம் போற பக்கம்தான் போகணும். இதுல நான் நெனச்ச பக்கம் திருப்பலாம்" என்பாள் அவள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நினைத்த பக்கமெல்லாம் திருப்பியதில்லை. அன்றைக்கு அவளுடைய லாரி இன்னொரு லாரியின் பின்னாலேயே போகும். முன்னால் போவது அவள் அண்ணன் டோரு. அவன் ஸ்பெயினில், காஸ்டெலானில், ஓடு சுடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் அங்கே அவனும் இங்கே இவளும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். வலென்சியாவில் ஆரஞ்சு ஏற்றி மிலானில் இறக்குவார்கள். மிலானில் இயந்திரம் ஏற்றி புடாபெஸ்டில் இறக்குவார்கள். இருவருக்கும் போனில் பேச வராது. "நல்லாருக்கியா", "இருக்கேன்" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். லாரியில் ஏறிவிட்டால் மட்டும் வாய் மூடாது. அம்மாவின் கல்லறைக்குக் கம்பிவேலி போடுவது, டோருவின் மனைவி அவனை விட்டுப் போனது, அவனுடைய பல்வலி, டிராம் டிப்போவில் யாருக்கு யாரோடு சண்டை என்று எல்லாம் அந்த இல்லாத சாலைகளில்தான் பேசப்பட்டன.

அவளுடைய கம்ப்யூட்டர் கிழடு. டோரு ஒருமுறை ஊருக்கு வந்தபோது, தான் கழித்துப்போட்ட பாகங்களை வைத்துப் பூட்டிக் கொடுத்தது. வெயில் அடித்தால் ஒருமாதிரி ஓடும். விளையாட்டுக்குள் மழை வந்துவிட்டால் போச்சு. ஒவ்வொரு துளியையும் எண்ணி எண்ணிப் போடுவது போல் திரை விட்டுவிட்டு நகரும்.

"மழை வந்துருச்சா?" என்பான் டோரு. "சரி, நான் ஓரமா நிறுத்திக்கிறேன். நீ மெதுவா வா எலி."

அவளை எலி என்றுதான் அவன் கூப்பிடுவான். சின்ன வயதில் வைத்த பேர்.

அப்போது அவர்கள் இருந்த குடியிருப்பில் பையன்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு மரங்களின் மேலாகக் கேபிள் இழுத்து, எல்லா வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் ஒன்றாகக் கோத்திருந்தார்கள். காற்றடித்தால் கேபிள் அறுந்து எல்லோர் விளையாட்டும் நின்றுவிடும். அந்தக் கூட்டத்துக்கு டோருதான் மேஸ்திரி. சந்தையில் பழைய போர்டு, பழைய ஹார்ட் டிஸ்க் என்று வாங்கி வந்து தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து பூட்டுவான். கொரினா பக்கத்தில் குந்தியிருந்து ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் ஏந்திக்கொள்வாள். எந்த ஸ்க்ரூ எதற்கு என்று அவளுக்குத் தெரியும். அவன் கேட்பதற்கு முன்னாலேயே சரியானதை நீட்டுவாள். ஆனால் பாகங்களைத் தொட விடமாட்டான். "உனக்கு ஈரக்கை. தொட்டா பொசுங்கிடும்" என்பான். அவள் கையைப் பாவாடையில் துடைத்துத் துடைத்துக் காட்டுவாள். அப்படியும் விட்டதில்லை. கல்யாணமாகி, டிராம் ஓட்டும் உரிமம் வாங்கி, மழையிலும் பனியிலும் நூறு பேரை ஏற்றிக்கொண்டு போகும் பெண்ணான பிறகும், கம்ப்யூட்டரைத் திறந்தால் தன் கை ஈரமாக இருக்கிறதா என்று அவள் ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.

புதுக் கம்ப்யூட்டர் பேச்சு ஒரு குளிர்காலத்தில் வந்தது. கடையில் பூட்டித் தயாராக வைத்திருப்பதை வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் அவளே சொன்னாள். டோரு ஒத்துக்கொள்ளவில்லை. "அதுல கண்ணுக்குத் தெரியறதெல்லாம் பளபளன்னு போட்டிருப்பான், தெரியாத எடத்துல கையக் கடிக்காததா ஒண்ணச் சொருகியிருப்பான்" என்றான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "நீயே பூட்டு எலி" என்றான்.

"நானா? ஈரக்கைக்காரி."

"அது சும்மா சொன்னது. உன்னத் தொட விட்டா நீ என்னவிட நல்லாப் பூட்டிருவியோன்னு பயம் எனக்கு." சிரித்தான். "ஆகஸ்ட்ல வர்றேன். நீ பூட்டு, நான் சேர்ல உக்காந்து பீர் குடிக்கிறேன். ஸ்க்ரூ வேணா எடுத்துக் குடுக்கிறேன்."

அன்றிலிருந்து ஒவ்வொன்றாக வாங்க ஆரம்பித்தாள். முதலில் கேபினெட், பிறகு பவர் சப்ளை, பிறகு மதர்போர்டு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அண்ணனும் தங்கையும் இரண்டு மூன்று ஞாயிறுகள் விவாதம் செய்வார்கள். இது பெரிதாக இருந்தால் அது உள்ளே போகாது, அது அதிகம் மின்சாரம் தின்றால் இது தாங்காது என்று, கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். டிராம் கடைசி நிறுத்தத்தில் நிற்கும் இடைவேளையில் அவள் போனில் பூட்டும் வீடியோக்களைப் பார்ப்பாள். வாங்கிய பெட்டிகளை ஒட்டுக்கூடப் பிரிக்காமல் படுக்கையறை பீரோ மேல் அடுக்கினாள். ஆகஸ்டில்தான் பிரிக்க வேண்டும் என்று இருவருக்குள்ளும் பேச்சு.

நெலுவுக்கு இது விளங்கவில்லை. அவன் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்கு, வீட்டில் ஒரு சாமான் தயாராக வந்து இறங்கினால் அதுதான் சொகுசு. "நீ டிராமப் பூட்டிட்டா ஓட்டுற? எவனோ பூட்டினான், நீ ஓட்டுற. இதையும் அப்படி ஒண்ணு வாங்கிட்டுப் போயேன்" என்பான். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் மேலே பார்த்து, "உங்க அண்ணனோட கோபுரம் என் தலையில விழாம இருந்தாச் சரி" என்பான். ஆனால் சனிக்கிழமைகளில் பெட்டிகள் மேல் படிந்த தூசியைத் துணியால் துடைப்பது அவன்தான். நல்லவன். மனைவிக்கு ஒன்று வேண்டும் என்று தெரிந்தால் அதைச் செய்து முடிக்கும்வரை அவனுக்குச் சோறு இறங்காது. என்ன வேண்டும் என்பதை அவள் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வதில்தான் அவனுக்குப் பழக்கமில்லை.

அந்த ஆகஸ்டில் டோரு வரவில்லை. வேலை அதிகம், லீவு தரவில்லை என்றான். அடுத்த ஆகஸ்டில் கட்டாயம் வருவதாகச் சொன்னான். அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திரையில் படத்தை ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றுதான் பாக்கி இருந்தது. மற்ற எல்லாவற்றையும் சேர்த்த விலை அது ஒன்றுக்கே இருந்தது. அதற்குள் பணம் சேர்த்து வாங்கிவிடலாம் என்று நினைத்தாள். இடையில் சில ஞாயிறுகளில் டோரு பாதி வழியிலேயே லாரியை நிறுத்திவிட்டு, "இன்னிக்கு இது போதும் எலி, அசதியா இருக்கு" என்றான். ஓட்டுச் சூளை வேலை என்றால் அசதி இருக்காதா என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒருநாள் அவன், ஆகஸ்டும் நிச்சயமில்லை போலிருக்கிறது என்று இழுத்தான். ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவள் மேஜைமேல் தலையை வைத்துக் கொஞ்சம் அழுதாள். அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்க வந்த நெலு அதைப் பார்த்தான். என்ன என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றாள். அவன் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தான். அதில் திரை உறைந்து நின்றிருந்தது. அவனாக ஒரு முடிவுக்கு வந்தான்.

ஜூனில் அவளுக்கு நாற்பது வயது முடிந்தது. மாலை ஷிஃப்ட் முடிந்து வந்தபோது வீடு நிறைய ஆட்கள். டிப்போவிலிருந்து தோழிகள், மாடிவீட்டுக்காரர்கள், நெலுவின் அக்கா. முட்டைக்கோஸ் இலையில் கறி வைத்துச் சுருட்டி வேகவைத்தது ஒரு பெரிய பானை நிறைய இருந்தது, கேக்கும் இருந்தது. நெலு அவளைக் கையைப் பிடித்து அடுப்படி மூலைக்கு இழுத்துப்போனான். அங்கே போர்த்தியிருந்த படுக்கைவிரிப்பை உருவினான். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கறுப்புப் பெட்டி. உள்ளே ஃபேன்கள் நீலமாகவும் ஊதாவாகவும் மாறி மாறிச் சுற்றின. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இனிமே எவனுக்காகவும் காத்திருக்க வேணாம்" என்றான் நெலு. அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. "கடைக்காரன் நமக்குத் தெரிஞ்சவன். அந்தப் பெட்டியெல்லாம் ஒட்டுப் பிரிக்காம இருந்துச்சா, பில்லோட கொண்டுபோய்க் குடுத்தேன். கழிச்சுக்கிட்டு இதக் குடுத்துட்டான். போனஸ் கொஞ்சம் போட்டேன். வேற செலவே இல்ல."

கொரினா படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்துதான் இருந்தது. பீரோ மேல் ஒன்றுமில்லை. பிறகு அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். தோழிகள் இன்னொரு தடவை கைதட்டினார்கள். கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, முகம் கழுவுவதாகச் சொல்லிக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அந்த ஞாயிறு டோருவிடம் சொன்னாள். மறுபக்கம் லாரியின் இரைச்சல் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

"நல்ல மெஷினா?" என்றான் பிறகு.

"நல்லாத்தான் ஓடுது."

"அப்ப என்ன. மழையில ஓட்டலாம்ல."

ஓட்டலாம்தான். ஆல்ப்ஸ் மலைப் பாதையில் கொட்டுகிற மழையிலும் திரை வழுக்கிக்கொண்டு போனது. இப்போது பின்தங்கியது டோருதான். வளைவுகளில் தடுமாறினான். நிறுத்து நிறுத்து என்பான். அவள் சாலையோரம் வண்டியை நிறுத்தி, வைப்பர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருப்பாள். கண் சரியில்லை, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அவன் சொன்னான்.

ஆகஸ்டில் அவன் வந்துவிட்டான். சொல்லிக்கொண்டு வரவில்லை; பஸ் நிலையத்திலிருந்து போன் செய்தான். ஸ்பெயினிலிருந்து வரும் பஸ்ஸில் வழியெல்லாம் உட்கார்ந்தே வந்திருந்தான். நெலு காரை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவந்தான். கதவைத் திறந்தவளுக்கு முதலில் யாரோ என்றுதான் இருந்தது. சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. வயிற்றில் ஏதோ புண், மருந்து சாப்பிடுகிறேன், சரியாகிவிடும் என்றான். கையில் ஒரு பெட்டி வைத்திருந்தான். கேக் டப்பாவைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். நெலு வாங்கிக்கொள்ளப் பார்த்தும் கொடுக்கவில்லை.

கிராஃபிக்ஸ் கார்டு. மூன்று ஃபேன் வைத்தது. அவளுடைய பெட்டிகளில் பாக்கியிருந்த ஒன்று.

"ஏப்ரல்லயே வாங்கிட்டேன்" என்றான். "நீ சொன்னப்ப திருப்பிக் குடுத்திருக்கலாம். மனசு வரல."

"அட, பிரமாதம்" என்றான் நெலு. "இத அதுலயே போட்டுருங்க. இன்னும் வேகமா ஓடும்ல? வாங்க மச்சான், உக்காருங்க, இங்கயே பாக்கலாம்."

டோரு அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் குனிந்தான். விளக்குகள் அவன் முகத்தில் நீலமும் ஊதாவுமாக மாறின. உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தான். விரலை விரித்துக் கண்ணாடிமேல் வைத்து ஒரு நீளத்தை அளந்தான். கொரினாவும் அதே இடத்தைத்தான் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்தது. கார்டு நீளம், அந்தக் கேபினெட் அதற்கு ஒரு விரல்கடை குட்டை. நீளம் போதுமென்றே வைத்துக்கொண்டாலும் அடியில் இருந்த பவர் சப்ளை தாங்காது. பீரோ மேல் இருந்த கேபினெட்டும் பவர் சப்ளையும் இந்தக் கார்டை நினைத்து வாங்கியவை. எத்தனையோ ஞாயிறுகள் பேசிப் பேசி எடுத்தவை.

"இதுல இருக்கிற கார்டே இப்ப போதும் நெலு" என்று டோரு நிமிர்ந்தான். "பிரிச்சா வாரண்டி போயிடும். அப்பறம் பாத்துக்கலாம். நல்ல மெஷினாத்தான் வாங்கியிருக்க."

அந்தப் பாராட்டில் நெலுவுக்கு உச்சி குளிர்ந்தது. பிளம் சாராயம் எடுத்துவந்து மூன்று சின்ன கிளாஸ்களில் ஊற்றினான். டோரு உதட்டில் மட்டும் வைத்துவிட்டுக் கீழே வைத்தான்.

மறுநாள் சாயங்காலம் அண்ணனும் தங்கையும் டான்யூப் கரைக்குப் போனார்கள். நடப்பதற்கு அவனால் முடியவில்லை. முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டான். ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதை வாங்கி அவன் மடியில் வைத்தாள். அவன் ஒன்றைக்கூட உரிக்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன் எலி. கத்தக்கூடாது. இங்க ஜனங்க நடமாடுறாங்க."

கணையத்தில் கட்டி என்றான். போன வருஷமே தெரிந்துவிட்டது. அதற்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்ததால்தான் போன ஆகஸ்டில் வரமுடியவில்லை. இப்போது மருந்தை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று அவனுக்குப் புரிந்திருந்தது.

அவள் கத்தவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கத்தான் செய்தாள்.

"சொன்னா நீ அழுதுட்டே இருந்திருப்ப. ஞாயித்துக்கெழமை லாரி எடுத்திருக்க மாட்ட. எனக்கு லாரி வேணும்."

ஆற்றில் ஒரு மணல் படகு மெதுவாகப் போனது. அது வளைவு திரும்பி மறைந்தது. பிறகு அவள் அவன் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தாள். "வீட்டுக்குப் போலாம் வா. அந்தப் பொட்டியப் பிரிச்சுர்றேன். எல்லாத்தையும் கழட்டித் தரையில போட்டுட்டு மொதல்லேர்ந்து பூட்டுவோம். நீ உக்காந்து பாரு. கார்டு போகலன்னா போகட்டும்."

"நெலு கேப்பான், ஏன் பிரிக்கிறேன்னு. என்ன சொல்லுவ?"

அவள் கையை விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"உனக்கு என்ன வேணும்னு தெரியாம செஞ்சுட்டான். உனக்காகத்தானே செஞ்சான்? நேத்து அவன் மூஞ்சியப் பாத்தியா?" டோருவுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்திச் சொன்னான். "எனக்கப்பறம் உனக்கு அவன்தான் இருக்கான். இது அவனுக்குத் தெரிய வேணாம். எப்பவும். சொல்லமாட்டேன்னு சொல்லு."

அவள் சொல்லமாட்டேன் என்றாள்.

ஊரிலேயே இருந்துவிடச் சொல்லி அவள் எவ்வளவோ கெஞ்சினாள். அவனுடைய டாக்டர்கள், இன்ஷூரன்ஸ், எல்லாம் அங்கே; அதோடு தங்கை கையால் கழுவிவிடப்படுவதற்கு அவன் ஒப்பவில்லை. ஒரு வாரம் இருந்துவிட்டுக் கிளம்பினான். அதன் பிறகும் சில ஞாயிறுகள் அவன் லாரி வந்தது. கடைசியில் சிலமுறை அவன் ஓட்டவில்லை; அவள் ஓட்டுவதைத் தன் திரையில் பார்த்துக்கொண்டு, "மெதுவா, அங்க வளைவு" என்று மட்டும் சொன்னான். குளிர்காலத்தில் அதுவும் நின்றது.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில் காஸ்டெலானிலிருந்து அவன் அறைத்தோழன் போன் செய்தான். கொரினா முதல்முறையாக விமானம் ஏறினாள். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வெளிநாட்டில் செத்துப்போகிற அவர்கள் நாட்டு ஆட்களை ஊருக்குக் கொண்டுவருவதற்கென்றே ஓடும் வேன்கள் உண்டு. அதில் ஒன்றைப் பேசினார்கள். உடலை விட்டுவிட்டுத் தனியாக விமானத்தில் வர அவளுக்கு மனமில்லை. இரண்டு டிரைவர்களுக்கு நடுவில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் பெட்டியில் டோரு.

வலென்சியா, பார்சிலோனா, பிரான்ஸ், இத்தாலி. சாலையோரப் பலகைகளில் வந்த ஊர்ப்பேர்கள் எல்லாம் அவளுக்குத் தெரிந்தவை. எங்கே சுங்கச்சாவடி, எங்கே மலையைக் குடைந்த பாதை என்று அவளுக்குத் தெரிந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவன் டீசல் போட இடம் தேடியபோது, அடுத்த திருப்பத்தில் ஒரு பங்க் இருக்கும் என்றாள். இருந்தது.

"இந்தப் பக்கம் வந்திருக்கீங்களாக்கா?" என்று கேட்டான்.

"நெறைய தடவ" என்றாள்.

வடக்கு இத்தாலியில் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர்கள் போய்ப் போய் வந்தன. ஓரமாக நிறுத்து என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. வேன் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

அம்மாவுக்குப் பக்கத்தில் அவனைப் புதைத்தார்கள். பாதிரியார் வந்து ஓதினார். வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் வால்நட்டும் சேர்த்துப் பிசைந்து வந்தவர்களுக்குக் கொடுத்தாள். நாற்பதாம் நாளும் அப்படியே செய்தாள். அந்த நாட்களில் நெலு வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவினான், மெழுகுவர்த்தி வாங்கினான், கல்லறைக்குக் கம்பிவேலி அவனே வெல்டிங் செய்து கொண்டுபோய் நட்டான்.

நாற்பதாம் நாள் முடிந்த மறுநாள் காலை. கொரினா அடுப்படியில் மிச்சக் கோதுமையைக் கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் மூலையில் இருந்தது. பிப்ரவரியிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. நெலு பீரோவிலிருந்து, டோரு கொண்டுவந்த கார்டுப் பெட்டியை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தான். அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருந்தது.

"இதப் போட்டுப் பாக்கலாமா கொரினா? வாரண்டி போனா போகுது. அண்ணன் ஆசையா வாங்கிட்டு வந்தது. நீ கொஞ்சம் லாரி ஓட்டு. மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

"அது அதுல போகாது."

"ஏன் போகாது? கழட்டிட்டு மாட்டுறதுதான?"

அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். அளவு சரியில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தக் காலையில் அவளிடம் எதையும் பிடித்துவைக்கிற தெம்பு இல்லை. முகத்தைத் திருப்பாமல், கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீ கடையில கொண்டுபோய்க் குடுத்தியே, அந்தப் பெட்டிங்களோட சேந்தது அது. நானும் அவனும் உக்காந்து பூட்டுறதா இருந்தோம். அவன் அதுக்காகத்தான் வந்தான். சாகறதுக்கு முந்தி."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும்தான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.  நெலு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அன்றைக்கு டோரு கண்ணாடிமேல் விரல் வைத்து அளந்ததும், "நல்ல மெஷினாத்தான் வாங்கியிருக்க" என்றதும் அவனுக்கு இப்போது வேறு மாதிரி நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"நான் அதக் கடையில குடுத்தது அவருக்குத் தெரியுமா?" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

"தெரிஞ்சும் என்கூட உக்காந்து குடிச்சாரா?"

"உன்கிட்ட சொல்ல வேணாம்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினான். நான் சொல்லிட்டேன்."

நெலு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அந்தக் கடைக்குத்தான் போனான் என்று பிற்பாடு கடைக்காரன் வாயால் அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பெட்டிகள் யாருக்கு விற்றன என்று கேட்டிருக்கிறான். ஒவ்வொன்றும் ஒவ்வொருவருக்கு, போன கோடையிலேயே போய்விட்டன. பேர் இருக்கிறதா, விலாசம் இருக்கிறதா என்று கேட்டானாம். அதே மாதிரி புதிதாக வரவழைத்துத் தருகிறேன் என்றதற்கு, அதே மாதிரி வேண்டாம், அதுதான் வேண்டும் என்றானாம். கடைக்காரன் அவனுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்து அனுப்பினான். பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. இருவரும் சூப் குடித்தார்கள்.

சில நாட்கள் கழித்து ஒரு தடவை கேட்டான். "நாம ரெண்டு பேரும் வாங்கி, நாமளே பூட்டலாமா? நீ சொல்லு, நான் செய்யறேன். இல்ல, நீ செய்யி, நான் பாக்கறேன்." அவன் கேட்டது நல்ல மனசோடுதான். அவளும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நெருப்புப் பொறி பட்டுப் பட்டுத் தழும்பேறிய கை. "இப்ப வேணாம் நெலு" என்றாள். அவன் மறுபடி கேட்கவில்லை. முன்பெல்லாம் அவளைக் கேட்காமல் எதையாவது வாங்கி வந்து மேஜைமேல் வைப்பவன், இப்போது ரொட்டி வாங்கக்கூட எந்த ரொட்டி என்று கேட்டுவிட்டுத்தான் போகிறான். அவள் எதைச் சொன்னாலும் இரண்டாம் முறை கேட்டு உறுதி செய்துகொள்கிறான். அவனிடமிருந்து ஒரு பழைய நெலுவைத் தான் பிடுங்கிவிட்டதாக அவளுக்குப் படும். அண்ணனை இழந்ததற்கு அவள் காரணமில்லை. இதற்குக் காரணம் அவள்தான். டோரு கேட்டது ஒன்றே ஒன்று.

கம்ப்யூட்டரை அவள் விற்கவில்லை. கார்டு அதன் பெட்டியில் பீரோவுக்குள், குளிர்காலக் கோட்டுகளுக்குக் கீழே இருக்கிறது. லாரியை அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. ஞாயிறு மதியங்கள் வீட்டில் போகவில்லை என்பதால், டிப்போவில் ஞாயிறு ஷிஃப்டாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்ற ஓட்டுநர்களுக்கு அதில் சந்தோஷம்.

ஞாயிறுகளில் நெலு சாப்பிட்டுவிட்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு அவளுடைய டிராமில் ஏறுவான். ஓட்டுநர் அறைக்கு நேர் பின்னால், முதல் சீட்டில் உட்காருவான். கப்பல் தளத்துப் பக்கத்திலிருந்து ஊரின் அந்தக் கோடிவரை போய், அங்கிருந்து திரும்பி, மறுபடி போய் என்று ஷிஃப்ட் முடியும்வரை அவளோடு வருவான். வண்டி ஓடும்போது ஓட்டுநரோடு பேசக்கூடாது என்று கண்ணாடியில் எழுதியிருக்கும், அவனும் பேசமாட்டான். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கின பிறகு, அங்கே இருக்கும் பெட்டிக்கடையில் இரண்டு காபி வாங்கி வருவான். அவளுடையதில் சர்க்கரை போடவா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் சர்க்கரை போட்டுக்கொண்டதே இல்லை. வேண்டாம் என்று அவள் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். குடித்து முடித்ததும் அவன் தன் சீட்டுக்குப் போவான். அவள் மணியை அடித்துவிட்டு வண்டியை எடுப்பாள்.